வோயாஜர்ஸ் தேசியப் பூங்கா

வோயாஜர்ஸ் தேசியப் பூங்கா அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் கனடா எல்லையை ஒட்டியுள்ள ஏரிக்காடு. ஏறத்தாழ 880 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கு நீர். ரெய்னி, காபெடோகாமா, நமகன், சாண்ட் பாயிண்ட் ஆகியவை பெரிய ஏரிகள். காட்டினுள் 26 சிற்றேரிகளும், நீர்ப்பரப்பில் 500க்கும் மேற்பட்ட தீவுகளும் உள்ளன. நடுவிலுள்ள காபெடோகாமா தீபகற்பத்துக்குச் சாலை கிடையாது. படகேறினால்தான் பூங்காவின் உள்ளழகைக் காணமுடியும்.

வரலாறு

இப்பகுதி ஓஜிப்வே மக்களின் தாயகம். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியத் தொப்பிகளுக்கான, பீவர் என்னும் விலங்கின் தோல் இந்நீர்வழியே சென்றது. அதைக் கொண்டுசென்ற பிரெஞ்சுக் கனடியத் துடுப்பாளர்களான வோயாஜர்களின் பெயரையே பூங்கா தாங்கியுள்ளது. அருவி குறுக்கிட்டால் அவர்கள் பிர்ச் மரப்பட்டைப் படகைக் கரையேற்றுவார்கள். தலா 40 கிலோ எடையுள்ள இரண்டு பொதிகளை நெற்றியில் மாட்டிய வாரால் தாங்கி, முதுகில் சுமந்து காட்டுவழி நடப்பார்கள். பூங்காவுக்கான சட்டம் 1971 ஜனவரியில் கையெழுத்தானது. 1975 ஏப்ரல் 8 அன்று பூங்கா முறைப்படி நிறுவப்பட்டது.

இயற்கை

இங்குள்ள பாறைகளில் பல 250 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை. பனியாறுகள் அவற்றைச் சுரண்டிக் குடைந்த பள்ளங்களே இன்றைய ஏரிகள். பைன், ஸ்புரூஸ், பிர்ச் மரங்கள் கரைகளில் செறிந்துள்ளன. மூஸ் மான், கருங்கரடி, வெண்தலைக் கழுகு, லூன் பறவை ஆகியவை வாழ்கின்றன. இங்குள்ள ஓநாய்கள் கோடையில் பீவரைப் பதுங்கியிருந்து பிடிக்கின்றன. தம் வாடை பீவரை எட்டாதபடி காற்றின் திசை பார்த்துப் படுத்து, மணிக்கணக்கில் காத்திருக்கின்றன. அவுரிநெல்லி பழுக்கும் பருவத்தில் அதையும் விரும்பித் தின்கின்றன.

பயணம்

ரெய்னி ஏரி, காபெடோகாமா, ஆஷ் ரிவர் ஆகிய இடங்களில் பார்வையாளர் மையங்கள் உள்ளன. நுழைவுக் கட்டணம் இல்லை. கூடாரமடித்துத் தங்க முன்பதிவும் கட்டணமும் தேவை. முகாமிடங்களுக்கு நீர்வழியே செல்லவேண்டும். படகில்லாதவர்கள் கோடையில் பூங்காவின் சுற்றுலாப் படகுகளில் செல்லலாம். பன்னாட்டு எல்லை ஏரிகளின் ஊடே செல்வதால், கனடாக் கரையில் இறங்குவோர் அந்நாட்டு எல்லை விதிகளைப் பின்பற்றவேண்டும். 2020இல் இருள்வானப் பூங்காவாக ஏற்கப்பட்ட இங்கு, தெளிந்த இரவுகளில் பால்வீதியையும் சில வேளைகளில் வடதுருவ ஒளியையும் காணலாம்.

குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்ததும், பனி போதிய தடிமன் அடைந்தபின் ரெய்னி ஏரியின் மேல் வாகனச் சாலை அமைக்கப்படுகிறது. பனியின் தடிமன் இடத்துக்கிடம் மாறுவதால், பூங்கா அலுவலர்களிடம் அன்றைய நிலையைக் கேட்டறிந்த பிறகே ஏரியில் இறங்கவேண்டும்.