வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள்

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் 1823 முதல் 1855 வரை நடத்திய உறைவிடக் கல்லூரி வட்டுக்கோட்டை செமினரி. அது சிறிய கல்லூரி, நடந்ததும் முப்பத்திரண்டு ஆண்டுகளே. ஆனால் 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகளான கரோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை இருவரும் அங்கே படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை கலித்தொகையை முதன்முதலில் அச்சில் பதிப்பித்தவர். கிறித்தவ ஊழியர்களை உருவாக்க எழுந்த ஒரு கல்லூரியிலிருந்து சைவராக வாழ்ந்த ஒரு பதிப்பாசிரியர் எப்படி வந்தார் என்ற கேள்விதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

இது எனக்கு அயலான கேள்வி அன்று. நான் வாழும் திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளி இருக்கிறது. அங்கே பைபிள் வசனம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் கார்த்திகை தீபத்தன்று மலை சுற்றுவதை யாரும் விந்தையாகப் பார்ப்பதில்லை. 1820களின் யாழ்ப்பாணத்தில் நிலைமை அவ்வளவு எளிதாக இல்லை.

அமெரிக்க மிஷனரிகள் 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். அவர்களது உறைவிடப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்கினர். முதல் தடை சாப்பாடு. கிறித்தவர் வீட்டுக் கூரையின்கீழ் உண்ணமாட்டோம் என்றதால், சமையலும் சாப்பாடும் தனி இடத்தில், இந்துச் சமையற்காரரைக் கொண்டு நடந்தன. அடுத்த தடை கிணறு. மிஷன் வளவுக் கிணற்றுத் தண்ணீர் தீட்டு என்று தயங்கிய மாணவர்கள், கிணற்றை ஒருமுறை வற்ற இறைத்துவிட்டுப் புதிதாக ஊறிய நீரைக் குடித்தார்களாம். இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1850இல் வெளியிட்ட நூலில் இவை வருகின்றன. செமினரியின் கல்வித் தரம் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடத்தக்கது என்று புகழ்ந்தவரும் அவரே.

படிப்பு, உணவு, தங்குமிடம் எல்லாம் இலவசம். செலவை அமெரிக்காவிலிருந்த கொடையாளர்கள் ஏற்றனர். அதற்கு ஒரு விலை இருந்தது. பணம் கொடுத்தவரின் பெயரோ, அவர் விரும்பிய ஒருவரின் பெயரோ மாணவனுக்குச் சூட்டப்படும். இப்படித்தான் சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனார், சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனார், விசுவநாதபிள்ளை கரோல் ஆனார். தாமோதரம்பிள்ளைக்குக் கிங்ஸ்பரி என்ற பெயர். பல ஆண்டுகள் வருகைப் பதிவேடு வாசித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு பையனின் பெயரைத் தவறாக உச்சரித்தாலே முகம் வாடிவிடும். பெயரையே மாற்றியபோது அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் என்ன நினைத்தார்களோ! ஆனால் பெரியவர்களான பின் பலர் இரண்டு பெயரையும் சேர்த்தே வைத்துக்கொண்டனர்.

முதல் அதிபர் டேனியல் பூர். பைபிள், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழ் இலக்கணம், கணிதம், தருக்கம், வானியல் ஆகியவையும் பாடங்கள். இவற்றுள் வானியலுக்குத் தனி நோக்கம் இருந்தது. புராணங்கள் கூறும் உலக அமைப்பு தவறென்று காட்டினால் சமய நம்பிக்கையும் தளரும் என்று மிஷனரிகள் எண்ணினர். 1829 மார்ச் 20 அன்று நிகழ்ந்த சந்திர கிரகணம் அதற்கு வாய்ப்பாயிற்று. ஊர்ப் பஞ்சாங்கக் கணிப்புக்கும் தம் கணிப்புக்கும் உள்ள வேறுபாட்டைப் பூர் முன்கூட்டியே அறிவித்தார். அன்றிரவு கல்லூரியின் கணக்கே சரியாக அமைந்தது.

அவர்கள் எதிர்பார்த்தபடி ஊர் மதம் மாறிவிடவில்லை. மாணவர்கள் வேறொன்றைக் கற்றுக்கொண்டார்கள் என்பது என் கருத்து. இரண்டு கூற்றுகள் முரண்பட்டால் இரண்டையும் அருகருகே வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற பழக்கம் அது. பூருக்குப் பின் அதிபரான ஹொய்சிங்டன் 1848இல் இந்திய வானியல் பற்றிய நூலொன்றை மொழிபெயர்ப்போடும் குறிப்புகளோடும் வெளியிட்டார். எதிர்க்க வந்தவர்களே உட்கார்ந்து படித்திருக்கிறார்கள்.

சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த தாமோதரம்பிள்ளை 1844இல் சேர்ந்து 1852இல் படிப்பை முடித்தார். மூன்று ஆண்டுகளில் கல்லூரியே மூடப்பட்டது. 1855இல் மிஷன் தலைமையகத்திலிருந்து வந்த ரூஃபஸ் ஆண்டர்சன் குழு, உயர்தர ஆங்கிலக் கல்வி மிஷனின் நோக்கத்துக்கு உதவவில்லை என்று முடிவு செய்தது. ஊழியம் செய்ய வேண்டியவர்கள் ஆங்கிலம் கற்று அரசாங்க வேலைக்குப் போகிறார்கள் என்பது குறை. கொடையாளர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது நியாயமே. ஆனால் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர் தேடியதும் அந்த ஆங்கிலத்தைத்தானே. மூடிய அதே 1855இல் கரோல் விசுவநாதபிள்ளையின் வீசகணிதம் தமிழில் வெளிவந்தது. வட்டுக்கோட்டையில் மறுபடி கல்லூரி எழ 1872 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவே இன்றைய யாழ்ப்பாணக் கல்லூரி.

தாமோதரம்பிள்ளை சென்னைக்கு வந்து தினவர்த்தமானி இதழின் ஆசிரியரானார், பட்டம் பெற்றார், பின்னாளில் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். வேலைக்கிடையே ஏடு தேடினார். வீரசோழியம் 1881இலும், தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885இலும், கலித்தொகை 1887இலும் வெளிவந்தன. தொட்டால் ஒடியும் ஓலைகளைப் பல ஊர்களிலிருந்து வரவழைத்து, பிரதிக்குப் பிரதி பாடம் ஒப்பிட்ட உழைப்பு அது. நம் மாணவர்கள் பலருக்கு உ. வே. சாமிநாதையரைத் தெரிகிறது, இவரைத் தெரிவதில்லை. இருவரும் ஒரே காலத்தில் ஒரே பணியில் இருந்தவர்கள்.

அந்தப் பதிப்புகளில் அவர் தாமோதரம்பிள்ளையாகவே நிற்கிறார். கிங்ஸ்பரி என்ற பெயரோ குடும்பத்தைவிட்டுப் போகவில்லை. அவருடைய மகன் அழகசுந்தரம் கிறித்தவராகி, போதகராகி, பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்று அறியப்பட்டார். தேவார மூவரும் மாணிக்கவாசகரும் பாடிய பாடல்களில் சிலவற்றை ஜி. ஈ. பிலிப்ஸுடன் சேர்ந்து ஆங்கிலமாக்கி 1921இல் வெளியிட்டவர் அவர்தான்.