ஊருக்கு மொதல்ல தெரிஞ்ச சேதி

நாமக்கல் பக்கம் லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் மாமா அஞ்சு மணி பஸ்ஸில் வந்து இறங்குவதற்குள் சேதி எங்க வளவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. 2000 வாக்கில் நடந்தது, எனக்குப் பத்து வயசு. ரத்தம் சோதிக்கப் போன இடத்தில் சீட்டை நீட்டியவர் நாலு பேர் கேட்கிற மாதிரி நோயின் பேரைச் சொல்லியிருக்கிறார். கேட்டவர்களில் ஒருத்தர் எங்க ஊர்க்காரர். டீக்கடையில் எங்க சனத்துக்குத் தனி டம்ளர் இருந்த காலம். அந்தத் தனி டம்ளரும் மாமாவுக்கு இல்லையென்று ஆனது. ஊர்க்காரன் மட்டுமா செய்தான்? எங்க வீட்டிலேயே அவருக்கு ஒரு தட்டை ஒதுக்கி வைத்தோம். தீண்டாமையை எதிர்த்து மேடையேறுகிற நான் இதை எழுதாமல் விட்டால் அது அயோக்கியத்தனம்.

உடம்பின் ரகசியம், அந்தரங்க உரிமை என்பதெல்லாம் படித்த, சொத்துள்ள ஆட்களின் சமாச்சாரம் என்று நம் தோழர்கள் சிலரே நினைக்கிறார்கள். வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. 1911-ஆம் ஆண்டு குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் பேரெழுதி, கைரேகை வாங்கி, ஆஜர் போட வைத்தது யாரை? சேலம் மேல்நாட்டுக் குறவர், சேலம் உப்புக் குறவர் என்று சீர்மரபினர் பட்டியலில் இன்றும் இருக்கிற பேர்கள் அதற்குச் சாட்சி. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல் ஒழிந்தது. 'இவர்களைக் கேட்க வேண்டியதில்லை' என்கிற புத்தி ஒழியவில்லை.

1986-இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டதும் அப்படித்தான். டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா ரத்தம் எடுத்தது, பாலியல் தொழில் செய்தார்கள் என்று பிடித்துச் சென்னையில் அடைத்து வைக்கப்பட்டிருந்த பெண்களிடம். ஆறு பேருக்குத் தொற்று. எதற்கான சோதனை என்று அவர்களிடம் சொல்லவில்லை என்பதைப் பின்னாளில் நிர்மலாவே சொன்னார். விஞ்ஞானத்துக்கு அது சாதனை. அந்த ஆறு பேரின் சம்மதம் எந்தக் கணக்கிலும் இல்லை.

இதற்கு நேர் எதிரான கேள்வியும் நம் மண்ணிலிருந்தே எழும்பியது. நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யாவுக்கு 1995-இல் லாரி ஓட்டுநர் ஒருவரோடு கல்யாணம். சில வாரங்களிலேயே அவருக்கும் தொற்று. கணவருக்குத் தன் நோய் முன்பே தெரியும் என்று கௌசல்யா பொதுவில் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணிடம் ஒருத்தராவது சொல்லியிருக்கக் கூடாதா? 1998-இல் வேறு சில பெண்களோடு சேர்ந்து 'பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்' அமைப்பைத் தொடங்கினார். தன் நோயை அவர் தன் வாயால், தான் தேர்ந்தெடுத்த இடத்தில் சொன்னார். எங்க மாமாவுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை.

அதே 1998-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சென்னை மருத்துவமனை ஒன்றிலிருந்து நோய்ச் சேதி வெளியே போய், கல்யாணம் நின்று, சொந்த ஊரை விட்டே ஒருவர் வெளியேற நேர்ந்த வழக்கு அது. மணப்பெண்ணின் உயிர் பெரிது என்றது நீதிமன்றம். சரி. ஆனால் தொற்றுள்ளவருக்குக் கல்யாண உரிமையே நிறுத்திவைக்கப்படும் என்றும் சேர்த்துச் சொன்னது. அந்தக் கருத்து தேவையற்றது என்று 2002-இல் அதே நீதிமன்றம் ஒதுக்கியது.

மணப்பெண்ணுக்குச் சொல்வதும் ஊருக்குச் சொல்வதும் ஒன்றல்ல. இதைத்தான் 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் பிரித்துக் காட்டுகிறது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. சம்மதமில்லாமல் நோயை வெளியிடக் கூடாது. துணைக்கு ஆபத்தென்றால், முதலில் நோயாளியையே சொல்லவைக்கப் பார்க்க வேண்டும். அவர் சொல்லமாட்டார் என்று தெரிந்தால், அவரிடம் அறிவித்துவிட்டு, மருத்துவரோ ஆலோசகரோ துணையிடம் மட்டும் நேரில் சொல்லலாம். பதிவேடுகளைப் பாதுகாக்கும் பொறுப்பு அவற்றை வைத்திருக்கும் நிறுவனத்துடையது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அதே 2017-இல்தான்.

பதிவேடு இப்போது கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. ஒரு செல்போன் படத்தில் ஒரு வளவே அம்பலமாகும். சாதி இருக்கிற ஊரில் கசிகிற எந்தச் சேதியும் தனி டம்ளராகத்தான் வந்து சேரும். அதனால் ஆஸ்பத்திரி ஜன்னலில் எவராவது நோயின் பேரைக் கூவினால் 'இது சட்டத்துக்கு விரோதமுங்க' என்று அங்கேயே கேட்போம். நம்ம வளவுக்குள் அதைக் காதில் ஓதுகிறவனையும் நிறுத்திக் கேட்போம். மாமாவின் தட்டை ஒதுக்கி வைத்தது நாங்கதானே.