எட்மண்டன் நகரின் முதற் பள்ளிவாசல்

தாய்நாட்டை விட்டு அயல்நாட்டில் குடியேறுவோர்க்கு இரு கடமைகள் உண்டு. புதிய நாட்டின் மொழியையும் தொழிலையும் கல்லாவிடில் வாழ இயலாது; முன்னோர் வழக்கங்களை அறவே கைவிட்டாலோ, தாம் யார் என்பதைத் தம் மக்கள் மறந்துவிடுவர். இவ்விரு கடமைகளையும் ஒருசேர ஆற்றிய சில குடும்பங்களின் வரலாற்றை மாணவர்கள் அறிதல் நலம்.

கனடா நாட்டின் மேற்குப் பகுதியில் ஆல்பர்ட்டா என்னும் மாகாணம் உள்ளது. அதன் தலைநகர் எட்மண்டன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய லெபனானைச் சேர்ந்த பெக்கா பள்ளத்தாக்கிலிருந்து முஸ்லிம்கள் சிலர் அங்குச் சென்றனர். அந்நாளில் அவர்தம் தாயகம் உதுமானியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. கைம்முதல் இல்லாத அவர்கள், முதுகில் மூட்டை சுமந்து பண்ணைதோறும் சென்று பொருள் விற்றனர். வடக்கே சென்றவர்கள், கிரீ என்னும் பழங்குடியினரின் மொழியைக் கற்று, விலங்குகளின் மென்மயிர்த் தோலை வாங்கி வாணிகம் செய்தனர்.

பிழைப்புக்கு வழி பிறந்தது. ஆனால் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிகளில் பயின்று வளர்ந்தனர். அவர்களுக்கு அரபு மொழியும் மார்க்கமும் கற்பிக்க ஓரிடம் இல்லை; கூடித் தொழவும் இடமில்லை. 1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, கனடா முழுவதிலும் முஸ்லிம்கள் 700 பேருக்கும் குறைவே. பொருளாதார மந்தமோ நாட்டை வாட்டிக்கொண்டிருந்தது.

இந்நிலையில் முன்வந்தவர்கள் தாய்மார்களே. ஹில்வி ஹம்தான் என்னும் அம்மையார் மேயர் ஜான் ஃப்ரையைக் கண்டு, பள்ளிவாசலுக்கு நிலம் வேண்டினார். பின்னர் அம்மையாரும் தோழியரும் கடைகடையாகச் சென்று நன்கொடை திரட்டினர். முஸ்லிம்கள் மட்டுமன்றிக் கிறிஸ்தவர்களும் யூதர்களும் பொருள் உதவினர். உக்ரேனிய வழிவந்த கட்டடக்காரர் ஒருவர் பணியை ஏற்றார். பள்ளிவாசல் கட்டிப் பழகாத அவர், தாம் அறிந்த உக்ரேனியக் கோயில்களின் சாயலிலேயே அதனை அமைத்தார். அதனைக் குறையென்று எவரும் ஒதுக்கவில்லை. மேலே தொழுகைக் கூடம். கீழே விருந்துக்கும் கூட்டத்திற்கும் ஓர் அறை.

1938 டிசம்பரில் ‘அல் ரஷீத்’ பள்ளிவாசல் திறக்கப்பெற்றது. கனடாவின் முதற் பள்ளிவாசல் அதுவே. திருக்குர்ஆனை ஆங்கிலத்தில் பெயர்த்த இந்திய அறிஞர் அப்துல்லா யூசுப் அலி அவ்விழாவில் கலந்துகொண்டார்.

ஆண்டுகள் சென்றன, சமூகம் பெருகியது. 1982-இல் பெரியதொரு பள்ளிவாசல் எழுந்தபின், பழைய கட்டடம் இடிபடும் நிலையை எய்தியது. இம்முறையும் அதனைக் காக்க முனைந்தவர்கள் பெண்களே. முஸ்லிம் மாதர் அமைப்பினர் நிதி திரட்டினர். 1991-இல் கட்டடம் பெயர்த்தெடுக்கப்பட்டு, எட்மண்டன் கோட்டைப் பூங்கா என்னும் வரலாற்றுக் காட்சியகத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டது. அந்நகரின் பழைய வீடுகளோடும் கடைகளோடும் அதுவும் இன்று நிற்கிறது.

இங்கே ஒன்றைக் கருதுதல் வேண்டும். முதலில் அக்கட்டடம் ஒரு சிறு கூட்டத்தாரின் தேவை. அரை நூற்றாண்டு கழிந்தபோது அது நகரத்தாரின் பொதுச் சொத்தாயிற்று. தம் மரபைக் காக்க அக்குடும்பங்கள் அயலாரை விலக்கிச் சுவர் எழுப்பவில்லை. அயலாரையும் துணைகொண்டே சுவர் எழுப்பினர். மரபு நிலைத்ததற்கும், புதிய நாடு அவர்களுக்குச் சொந்த நாடானதற்கும் காரணம் அதுவே எனலாம்.