எல்லை கடக்கலாகாத எழுத்து

செய்தியைப் பிறர் அறியா வண்ணம் மறைத்தெழுதுங் கலை நெடுங்காலம் அரசர்க்கும் படைத்தலைவர்க்குமே பெரிதும் பயன்பட்டு வந்தது. இரண்டாம் உலகப் போரிலே பகைவரின் மறையெழுத்தைப் படித்தறிந்ததனால் நேச நாடுகள் அடைந்த நன்மை பெரிது. அதனை நன்குணர்ந்த ஐக்கிய அமெரிக்க அரசு, மறையெழுத்துக் கருவிகளைப் பீரங்கியோடும் வெடிமருந்தோடும் ஒருங்கு வைத்துப் போர்த்தளவாடப் பட்டியலிற் சேர்த்தது. இராசாங்கத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரமின்றி அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புதல் குற்றமாயிற்று.

கருவி இரும்புப் பெட்டியாய் இருந்தவரை இவ்விதி பெரும் இடர்ப்பாடின்றி நடந்தது. கணினி வீடுகளுட் புகுந்தபின் கருவியே எழுத்தாய் மாறிற்று. 1991 ஆம் ஆண்டில் பிலிப் சிம்மர்மன் என்பார் ‘பி.ஜி.பி.’ என்னும் மறையெழுத்து மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். அது இணையத்தின் வழியே விரைவில் நாடு கடந்தது. 1993 இல் அவர்மீது தொடங்கிய குற்றவியல் விசாரணை, வழக்கேதும் தொடரப்படாமலே 1996 சனவரியிற் கைவிடப்பட்டது.

விதியின் முரண்பாடு 1994 இல் வெளிப்பட்டது. புறூஸ் சினையர் எழுதிய மறையெழுத்தியல் நூலை ஏற்றுமதி செய்யத் தடையில்லை என்ற திணைக்களம், அந்நூலில் அச்சான நிரல்களையே கொண்ட நெகிழ்வட்டைத் தளவாடம் எனத் தீர்த்தது. தட்டெழுதத் தெரிந்த எவரும் அவ்வேறுபாட்டைச் சில நாளிற் போக்கிவிடலாம் என்பது அதிகாரிகளுக்குத் தோன்றவில்லை போலும். பி.ஜி.பி. ஆர்வலர்க்கு அது நன்றாகவே தோன்றிற்று. 1997 இல் அதன் புதிய பதிப்பு முழுவதையும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களில் அச்சிட்டு, நூலாகவே ஐரோப்பாவுக்கு அனுப்பினர். ஓரெழுத்துப் பிழையும் நிரலைக் கெடுக்கும் ஆதலின், வரிதோறும் பிழைகாட்டும் எண்ணொன்றும் உடன் அச்சிடப்பட்டது. அங்குள்ளோர் பக்கம் பக்கமாக வருடி அதனை மீண்டும் மென்பொருளாக்கினர். சட்டம் எள்ளளவும் மீறப்படவில்லை.

வணிகர் பட்ட இடர் வேறு. நெற்ஸ்கேப் நிறுவனம் உள்நாட்டார்க்கு 128 துவித இலக்கத் திறவுகோலும், பிறநாட்டார்க்கு 40 இலக்கத் திறவுகோலும் அமைத்தது. நாற்பது இலக்கத்துக்கு இயலத்தக்க திறவுகோல்கள் ஏறக்குறைய ஒரு இலட்சத்துப் பத்தாயிரங் கோடி. எண்ணுக்குப் பெரிதாயினும், கணினிக்குப் பெரிதன்று. 1995 இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர் ஒருவர் நூற்றுக்கு மேற்பட்ட கணினிகளை இயக்கி எட்டு நாளில் அத்தகைய திறவுகோலொன்றைக் கண்டுபிடித்தார். உடையும் பூட்டை வாங்க எவர் முன்வருவர்?

1996 நவம்பரிற் சனாதிபதி கிளின்டன் இம்மென்பொருள்களிற் பெரும்பாலானவற்றைத் தளவாடப் பட்டியலினின்று நீக்கி வர்த்தகத் திணைக்களத்தின் பொறுப்பில் விட்டார். மென்பொருளின் மூலவரிகளும் பேச்சுரிமையுள் அடங்கும் என 1999 மே மாதம் மேன்முறையீட்டு நீதிபதிகள் தீர்த்தனர். அத்தீர்ப்பு மறுவிசாரணைக்கென விலக்கப்பட்டதாயினும், 2000 சனவரியில் அரசு தானே விதிகளைப் பெரிதுந் தளர்த்தியது. அவை இன்றும் முற்றாக நீங்கினவல்ல.

ஏற்றுமதிக்கென ஆக்கிய நலிந்த திறவுகோல்களோ மென்பொருள்களினுள்ளே எவரும் நினையாது கிடந்தன. 2015 மார்ச்சில் ஆய்வாளர், உலகின் எண்ணிறந்த வலைத்தளங்களை அப்பழைய 512 இலக்கத் திறவுகோலுக்கு இணங்கச் செய்யலாம் எனக் காட்டினர். அவ்வாறு இணங்கியவற்றுள் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகவரகத்தின் தளமும் ஒன்று.