நடைவண்டியா, தள்ளுவண்டியா?



போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி வந்தது. அனுப்பியவர் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பெண், இப்போது கோயம்புத்தூரில் வேலை. மகனுக்குப் பதினோரு மாதம். மூன்று வண்டிகளின் படத்தை அனுப்பியிருந்தார். ஒன்று, பெரிய டயர் வைத்த மூன்று சக்கரத் தள்ளுவண்டி. இரண்டாவது, பிள்ளையை நடுவில் உட்கார வைக்கும் பிளாஸ்டிக் வாக்கர். மூன்றாவது, நம்ம ஊர் மர நடைவண்டி. "டீச்சர், எங்க அத்தை நடைவண்டிதான் வாங்கணும்னு சொல்றாங்க. இவங்க ஸ்ட்ரோலர்னு சொல்றாங்க. நீங்க சொல்லுங்க."

வரலாற்று டீச்சரிடம் கேட்டால் வரலாறுதானே வரும்! அவருக்கு எழுதியதைக் கொஞ்சம் விரித்து இங்கே போடுகிறேன். பேரன் பேத்தி எடுத்தவர்கள், எடுக்கப் போகிறவர்கள் எல்லாருக்கும் உதவும்.

மூன்று சக்கர வண்டி நமக்குப் புதிதில்லை. பத்துப்பாட்டில் ஒன்றான பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒரு காட்சி வரும். முற்றத்தில் காயும் தானியத்தைக் கோழி கொத்த வருகிறது. காவல் இருக்கும் பெண் காதில் கிடக்கும் கனத்த குழையைக் கழற்றி எறிகிறாள். கோழி ஓடிவிடுகிறது. குழை போய் விழுந்த இடத்தில் சின்னப் பையன்கள் குதிரை இல்லாத சிறிய தேரை உருட்டிக்கொண்டு வருகிறார்கள். அந்தக் குழை வழியை மறிக்கிறது. அந்த ஊரில் பகை என்று ஒன்று உண்டென்றால் இந்த மறிப்புதான் என்கிறார் புலவர். வகுப்பில் இதைச் சொல்லும்போது எல்லாரும் தங்கக் குழையைத்தான் வியப்பீர்கள். நான் உங்களைத் தேருக்கு இழுப்பேன். அந்தத் தேருக்குக் கால் மூன்று என்று புலவர் எண்ணிச் சொல்லியிருக்கிறார். பழந்தமிழில் கால் என்றால் சக்கரம். மனுநீதிச் சோழன் கதையில் கன்று அடிபட்டது தேர்க்காலில் அல்லவா, அதே கால்தான்.

பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். இவர் கண்ணுக்கு இந்தப் பொம்மைத் தேர் ரொம்பப் பிடித்திருக்க வேண்டும். பெரும்பாணாற்றுப்படையிலும் அதைக் கொண்டுவருகிறார். அங்கே மருதநிலத்து உழவர் ஊர். தச்சர் வீட்டுப் பிள்ளைகளே பார்த்து ஆசைப்படும்படி செய்த தேர், ஏறிப் போக முடியாத தேர். அதை உருட்டி உருட்டித் தளர்நடைப் பிள்ளைகள் களைத்துப் போகிறார்கள். பிறகு செவிலித்தாயைக் கட்டிக்கொண்டு பால் குடித்துவிட்டுத் தூங்குகிறார்கள். தளர்நடை பழகும் பிள்ளை, கையில் பிடித்து உருட்டும் தேர், அதில் வரும் களைப்பு. இது நடைவண்டி இல்லாமல் வேறு என்ன என்பதுதான் என் கட்சி.

குறுந்தொகையின் 61ஆம் பாட்டில் தும்பிசேர்கீரனாரும் தச்சன் செய்த சின்ன வண்டியைச் சொல்கிறார். பிள்ளைகள் அதில் ஏறிப் போய் மகிழ முடியாது, ஆனாலும் கையால் இழுத்து மகிழ்வார்கள் என்கிறார். பாட்டின் பொருள் காதல் விவகாரம், அது கிடக்கட்டும். இந்த இடங்களில் எங்கேயும் பிள்ளை வண்டியில் உட்காரவில்லை என்பதைப் பாருங்கள். பிள்ளைதான் வண்டியை நகர்த்துகிறது.

பிற்காலத்துப் பிள்ளைத்தமிழிலும் இது தொடர்கிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்தாவது, கடைசிப் பருவம் சிறுதேர். 21ஆம் மாதம் என்பது வழக்கமான கணக்கு. பெண்பால் பிள்ளைத்தமிழில் அந்தப் பருவம் கிடையாது; அம்மானை, கழங்கு, ஊசல் என்று போய்விடுவார்கள். புலவர்கள் எப்படிப் பிரித்தாலும் நம் வீடுகளில் நடைவண்டிக்கு ஆண் பெண் பேதம் பார்த்து நான் கண்டதில்லை. அக்கா தள்ளியதைத் தம்பி தள்ளினான், தம்பி தள்ளியதைச் சித்தி மகள் தள்ளினாள். ஒரு வண்டி ஒரு தலைமுறைக்கு வரும்.

மூன்று சக்கரம் எதற்கு? நாலு கால் நாற்காலி சமமில்லாத தரையில் ஆடும், முக்காலி ஆடாது. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும் என்று உங்கள் கணக்கு டீச்சர் சொல்லியிருப்பார். மண் முற்றத்திலும் கல் பாவிய தாழ்வாரத்திலும் மூன்று சக்கரமும் ஒன்றுபோல் தரையைத் தொடும். தச்சருக்கும் ஒரு சக்கரம் மிச்சம். குறையும் உண்டு. முன்னால் ஒரே சக்கரம் என்பதால் முன் மூலைகளில் தாங்கல் இல்லை. பக்கவாட்டில் சாய்த்து இழுத்தால் நாலு சக்கரத்தைவிட எளிதில் கவிழும். நடைவண்டிக்கும் கடையில் விற்கும் மூன்று சக்கரத் தள்ளுவண்டிக்கும் இது பொது.

இனி நம்ம பக்கத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். திண்ணை ஏறி, முகப்புத் தாண்டி, வளவுக்குள் இறங்கி, இரண்டாங்கட்டுக்குப் போவதற்குள் எத்தனை படி, எத்தனை நிலைப்படி! தள்ளுவண்டி அந்த வீட்டில் பத்தடி போகாது. அதற்குத் தேவையும் இல்லை. ஆண்கள் பர்மா, இலங்கை, மலாயா என்று கொண்டுவிக்கப் போயிருந்தார்கள். வீடு முழுக்கப் பெண்கள். அப்பத்தா, ஆயா, பெரியம்மா, சின்னம்மா, வேலைக்கு இருக்கும் அம்மா. இடுப்புக்குப் பஞ்சமில்லாத வீட்டில் பிள்ளையைச் சுமக்க வண்டி எதற்கு? தூங்க வைக்கப் பழைய சேலையில் தூளி. நடக்கப் பழக நடைவண்டி. அந்த உயரமான நிலைப்படி வண்டியை அடுத்த கட்டுக்குப் போகவிடாமல் நிறுத்தும் வேலியாகவும் இருந்தது. வளவைச் சுற்றிய பத்தியில் ஆத்தங்குடிக் கல் மேல் அது கடகடவென்று போகும். பிள்ளை எங்கே நிற்கிறது என்று சமையல்கட்டில் இருந்தபடியே காதால் கண்டுபிடிக்கலாம்.

பிள்ளையை உட்கார வைத்துத் தள்ளும் வண்டியின் கதை வேறு ஊரில் தொடங்குகிறது. இங்கிலாந்தில் டெவன்ஷயர் பிரபுவின் பிள்ளைகளுக்காக 1733இல் வில்லியம் கென்ட் என்ற கட்டடக் கலைஞர் ஒரு வண்டி செய்தார். சிப்பி வடிவக் கூடை, இழுக்க ஆடு அல்லது குட்டிக் குதிரை. பணக்கார வீட்டு விளையாட்டுப் பொருள்தான். சார்லஸ் பர்ட்டன் என்பவர் 1853இல் லண்டனில் காப்புரிமை வாங்கிய வண்டியைத்தான் பின்னால் நின்று மனிதர் தள்ளினார்கள். அந்தக் காலத்துப் பெராம்புலேட்டர்கள் பெரும்பாலும் மூன்று சக்கரம்! 1889இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துக் கறுப்பினத்தவரான வில்லியம் ரிச்சர்ட்சன், பிள்ளை தாயின் முகம் பார்க்கும்படி திருப்பி வைக்கும் இருக்கைக்குக் காப்புரிமை பெற்றார். உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்து உருத்திரங்கண்ணனாரின் சிறுதேரை நமக்கு மீட்டுத் தந்ததும் அதே 1889தான்.

வெள்ளைக்காரர்கள் இங்கே வந்தபோது அந்த வண்டியைத் தள்ள 'ஆயா' வைத்துக்கொண்டார்கள். அது போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்த ஆயா. நம்ம பக்கத்து நகரத்தார் வீட்டு ஆயா, அம்மாவைப் பெற்றவர். ஒரே ஓசை, இரண்டு உலகம்!

பிறகு 1965இல் ஓவன் மெக்லாரன் வந்தார். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கரக் கால்களை வடிவமைத்தவர். பேத்தியின் கனமான வண்டியை மகள் படாத பாடுபட்டுத் தூக்குவதைப் பார்த்துவிட்டு, குடை மாதிரி மடங்கும் அலுமினிய வண்டியைச் செய்தார். அமெரிக்காவில் ஃபில் பெய்க்லர், மகனை வைத்துத் தள்ளியபடி ஓடுவதற்காகச் சைக்கிள் சக்கரம் போட்டு ஒரு வண்டி செய்தார். 1984இல் அதைத் தொழிலாக்கினார். கோயம்புத்தூர் மாப்பிள்ளை ஆசைப்படும் மூன்று சக்கர வண்டி அதன் வாரிசு. கூட்டுக் குடும்பம் கலைந்து, இடுப்புகள் இரண்டாகக் குறைந்த பிறகுதான் நமக்கு இந்த வண்டி தேவைப்பட்டது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. கடைத்தெருவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பத்துக் கிலோப் பிள்ளையைத் தனியாகத் தூக்கிப் போகும் தாய்க்குத்தான் அந்த அருமை தெரியும்.

ஆக, தள்ளுவண்டி பெரியவர்களின் முதுகுக்கு. நடைவண்டி பிள்ளையின் காலுக்கு. அத்தையும் மாப்பிள்ளையும் ஒரே பொருளைப் பற்றிச் சண்டை போடவே இல்லை!

இரண்டாவது படத்தில் இருந்த பிளாஸ்டிக் வாக்கரை மட்டும் வாங்காதீர்கள். இதில் நான் கறாராக இருக்கிறேன். கனடா 2004 ஏப்ரலில் அதன் விற்பனையையும் இறக்குமதியையும் தடை செய்துவிட்டது. அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை வாக்கரால் அடிபட்டு அவசரச் சிகிச்சைக்கு வந்த 15 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகள் 2,30,000-க்கும் மேல். பெரும்பாலும் தலையிலும் கழுத்திலும் அடி. ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் மாடிப்படியில் உருண்டவர்கள். நிற்கவே தெரியாத பிள்ளைக்கு அது வேகத்தைக் கொடுத்துவிடுகிறது. நுனிக்காலால் உந்தினால் போதும், நடக்க வேண்டியதில்லை. அது நடையைச் சீக்கிரம் வரவைப்பதும் இல்லை என்று குழந்தை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். நடைவண்டியில் பிள்ளை தானாக எழுந்து நின்றால்தான் வண்டியே நகரும். கையை விட்டால் நின்றுவிடும்.

தள்ளுவண்டி வாங்குகிறவர்கள் கடையில் முன்சக்கரத்தைப் பூட்டியும் திறந்தும் தள்ளிப் பாருங்கள். காரைக்குடித் தெருக்களின் மணலுக்கும் குழிக்கும் பெரிய சக்கரம் நல்லது. ஆனால் உங்கள் லிப்டில் நுழைகிறதா, கார் டிக்கியில் மடங்கிக் கிடக்கிறதா? தோள், இடுப்பு, கால் நடுவே என்று ஐந்து இடத்தில் பிடிக்கும் வார் இருக்கட்டும். காய்கறிப் பையைக் கைப்பிடியில் மாட்டாதீர்கள், வண்டி மல்லாந்துவிடும். கழுத்து நிற்காத பிள்ளையை வைத்துக்கொண்டு ஓடவே கூடாது.

நடைவண்டிக்கு என் சோதனை ஒன்றே. கைப்பிடியை மேலிருந்து பலமாக அமுக்குங்கள். முன்சக்கரம் தரையை விட்டு எழும்பினால் அந்த வண்டி வேண்டாம். கைப்பிடி பின் அச்சைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிள்ளை சாய்ந்தால் அதன் மேலேயே விழும். முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய பொருள் கடைகளில் அழகான பழைய வண்டிகளைப் பார்க்கலாம். அழகுக்கு வாங்கி வையுங்கள். பிள்ளை கையில் கொடுப்பதென்றால் ஆணியும் சிலும்பும் பார்த்து, பழைய பெயிண்டைச் சுரண்டி எடுத்த பிறகு கொடுங்கள்.

அதைவிட, பக்கத்தில் இருக்கும் ஆசாரியிடம் சொல்லிச் செய்வது மேல். இந்த வேலை கேட்டு யாரும் வருவதில்லை என்றார் எனக்குத் தெரிந்த ஆசாரி. கதவுக்கும் கட்டிலுக்கும் வந்த மரத்தில் மிஞ்சும் துண்டே போதும். பிள்ளையை நிற்க வைத்துத் தரையிலிருந்து நெஞ்சுவரை ஒரு நூலால் அளந்து கொடுங்கள், அதுதான் கைப்பிடி உயரம். அடிச்சட்டம் கனமாக இருக்கட்டும். டைல்ஸ் போட்ட அடுக்குமாடி வீட்டில் வண்டி வழுக்கிக்கொண்டு ஓடும் என்பதால், சக்கரத்தின் மேல் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி இறுக்கமாக மாட்டச் சொல்லுங்கள். மாடிப்படிப் பக்கம் தடுப்பு வைக்க மறக்க வேண்டாம், உங்கள் வீட்டில் நிலைப்படி இல்லை.