அரியலூர்க் கடல் நத்தைப் புதைபடிவங்கள்

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் சுண்ணாம்புக்கல், மணற்கல் அடுக்குகளில் கிடைக்கும் கடல் நத்தை ஓடுகளும் அவற்றின் கல் வார்ப்புகளும் இவ்வாறு குறிக்கப்படுகின்றன. இவை கிரெட்டேசியஸ் காலத்தவை. அரியலூர் மாவட்டத்துக் கீழப்பழுவூருக்கு வடக்கிலும் மேற்கிலும் பரந்த நிலம், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆழம் குறைந்த கடல். இன்றைய கரை கிழக்கே 80 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக் கிடக்கிறது. அண்டார்க்டிகாவுடன் ஒட்டியிருந்த இந்தியா பிரிந்தபோது காவிரிப் படுகை தாழ்ந்தது, அதற்குள் கடல் புகுந்தது.

இங்குள்ள நத்தைகளில் எளிதில் அடையாளம் தெரிவது துரிடெல்லா பேரினம். திருகாணி போல நீண்டு கூர்ந்த ஓடு; சேற்றில் புதைந்து, நீரை வடிகட்டி உணவு தேடும் நத்தை. நாட்டிசிடே குடும்பத்து நத்தைகளோ உருண்டையானவை, பிற ஓடுகளைத் துளைத்துத் தசையைத் தின்பவை. அவை போடும் துளை வெளியே அகன்று உள்ளே குறுகியிருக்கும். அத்தகைய துளையுள்ள ஓடு கிடைத்தால், அதை வெறும் சேதம் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

ஆனால் முழு ஓடு கிடைப்பது அரிது. நத்தை ஓட்டின் பெரும்பகுதி அரகோனைட் என்னும் கனிமத்தால் ஆனது. நிலத்தடி நீர் அதை எளிதில் கரைத்துவிடும். சிப்பிகளின் ஓடு அவ்வளவு எளிதில் கரையாத கால்சைட் என்பதால் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் அவை கட்டுக்கட்டாக நிலைத்திருக்கின்றன. நத்தைக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது, ஓட்டுக்குள் புகுந்து இறுகிய சேறு, அதாவது கல் வார்ப்பு மட்டுமே. அதில் சுருளின் வடிவம் தெரியும். இனத்தைப் பிரித்தறிய உதவும் மேற்புற வரிகளும் முடிச்சுகளும் இரா. விதிவிலக்கு பெரம்பலூர் மாவட்டத்துக் கருடமங்கலம். அங்குள்ள பாறை நத்தை, சிப்பி ஓடுகள் செறிந்த கெட்டிச் சுண்ணாம்புக்கல். மெருகிட்டால் சாம்பல் நிறத்தில் வெள்ளை ஓடுகள் பளிச்சிடும். அலங்காரக் கல்லாக இது ‘திருச்சினாப்பள்ளி மார்பிள்’ என்ற பெயரில் விற்கப்பட்டது.

கே, கன்லிஃப் ஆகியோர் 1840களில் தென்னிந்தியாவில் திரட்டிய படிவங்களை இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்தார். புவியியலாளர் எச். எஃப். பிளான்ஃபோர்ட் இப்பகுதிப் பாறைகளை உத்தத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பகுத்தார். நத்தைகளுக்கென்றே தனி நூல் எழுதியவர் மொராவியாவில் பிறந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வெளியீடாக அது 1867-68இல் வந்தது. 1874இல் லடாக்கில் இறந்தபோது அவருக்கு வயது 36. இன்றும் இப்பகுதி நத்தையை இனங்காண்பவர் முதலில் புரட்ட வேண்டியது அவர் நூலையே.

கீழப்பழுவூரிலும் சுற்றுவட்டாரத்திலும் சிமென்ட் ஆலைகள் இயங்குவதற்கு இதே கடலின் சுண்ணாம்புதான் காரணம். மண்ணுக்கடியில் கிடந்த படிவ அடுக்குகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவருபவை சுரங்கங்கள். அவற்றை அரைவைக்கு அனுப்புபவையும் அவையே. தப்பியவற்றில் சில வாரணவாசியிலுள்ள அரசு புதைபடிவ அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன.