வலேஹோ நகரசபையும் பாதுகாப்புச் செலவும்

உள்ளூராட்சி மன்றமொன்றின் அதிகாரத்தை அதன் வரவு செலவுத் திட்டத்தைக் கொண்டே அளவிடலாம் என்பர். ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள வலேஹோ நகரின் வரலாறு இக்கருத்தை மீள நோக்கத் தூண்டுகின்றது.

1969இல் அந்நகரின் பொலிசாரும் தீயணைப்பாளரும் கூட்டாக வேலைநிறுத்தம் செய்தனர். அதன் பின்னர், சம்பளப் பிணக்குகளை நடுத்தீர்ப்புக்கு விடும் விதி நகர சாசனத்தில் இடம்பெற்றது. அத்தீர்ப்பு சபையைக் கட்டுப்படுத்தியது. வேலைநிறுத்த அச்சம் நீங்கியது. ஆயின் சம்பளத்தை நிர்ணயிக்கும் இறுதி அதிகாரமும் சபையை விட்டு அகன்றது.

நகரின் வாழ்வாதாரமாக விளங்கிய மெயர் தீவுக் கடற்படைக் கப்பல் தளம் 1996இல் மூடப்பட்டது. 2007ஆம் ஆண்டளவில் ஏற்பட்ட வீட்டு விலை வீழ்ச்சி வரி வருமானத்தை மேலும் சுருக்கிற்று. பொது நிதியின் ஏறத்தாழ முக்காற்பங்கு பொலிஸ், தீயணைப்புச் சேவைகளுக்கே சென்றது. சம்பள வீதத்தைத் தனித்துக் குறைக்க இயலாத சபைக்கு ஆளணியைக் குறைப்பதே எஞ்சிய வழியாயிற்று. அதுவும் போதாமையால், 2008 மே மாதத்தில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோருவதெனச் சபை ஏகமனதாகத் தீர்மானித்தது. இக்காலத்தில் தீயணைப்பு நிலையங்கள் சில மூடப்பட்டன. பொலிஸ் ஆளணி மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்தது.

2010இல் வாக்காளர் நடுத்தீர்ப்பு விதியை நீக்கினர். 2011இல் 1 சதவீத மேலதிக விற்பனை வரிக்கு இசைந்தனர். அவ்வாண்டிலேயே வங்குரோத்து நிலை முடிவுற்றது.

ஊழியரை மட்டும் குறைகூறல் பொருந்தாது. ஒப்பந்தங்களிற் கைச்சாத்திட்டதும் சபையே. எனினும், வீதியில் எத்தனை பொலிசார் கடமையாற்றுவர் என்பது ஆண்டுதோறும் கூடிய சபையில் மட்டும் முடிவாகவில்லை. அதன் பெரும்பகுதி நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே முடிவாகிவிட்டது.